ஆறாவது குழிக்கு அப்புறம்

ஒரு மைதானம் ஆடுவதற்கு லாயக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து மும்பைக்கு விமானம் ஏறினேன் என்றால் என் மனைவியே நம்பவில்லை. "ஏதோ சொத்து விவகாரம், என்கிட்ட மறைக்கிறீங்க" என்றாள். சொத்தாவது ஒன்றாவது! தாராவியில் எனக்கென்று இருந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டியும் காசிமும்தான். பெட்டி எப்போதோ துருப்பிடித்துப் போயிருக்கும். காசிம் இருக்கிறான்.

அவன்தான் போன் செய்தான். "ஏலே பேச்சி, செம்பூருக்கு அந்தாண்ட நகரசபைக்காரன் ஒரு கோல்ஃப் மைதானம் வச்சிருக்கானாம். மெம்பர் கிம்பர் ஒண்ணும் கெடையாது, எவன் வேணாலும் போலாம். சினிமாவுக்குப் போற துட்டுதான் ஆவுமாம். அது ஆடுததுக்கு லாயக்கான்னு நீ வந்து பாத்துச் சொல்லு."

"அதுக்கு நான் வரணுமாலே? பாம்பேல ஆளே இல்லையா?"

"ஆளு இருக்கான். புல்லத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?" என்றான். பிறகு, "சுகர்ல கண்ணு போவுதுலே. கிட்டத்துல இருக்கது தெரியுது. தூரத்துல எல்லாம் மூட்டமா இருக்கு. முழுசாப் போறதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம், மொதல் குழிலேருந்து கடைசிக் குழி வரைக்கும் ஆடிரணும். கண்ட கழுத மைதானத்துல அத வீணாக்க எனக்கு மனசில்ல" என்றான்.

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

எங்கள் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் நாங்கள் இரண்டு பேரும் செம்பூர்ப் பக்கம் பெரிய மனிதர்களின் மைதானம் ஒன்றில் பை தூக்கினோம். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது, இதுதான் வேலை. ஆடுகிறவருக்கு சாகிப், வாய்ப்பேச்சில் சாப், பை தூக்குகிறவனுக்குக் கேடி என்று அங்கே பெயர். வீட்டில் அப்படிச் சொன்னால் செருப்படி விழும் என்பதால் 'கிளப்பில் வேலை' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தோம்.

வாரத்தில் ஒரு நாள் மைதானத்துக்கு விடுமுறை. அன்று விடிகாலையில் வேலிக்குள் நுழைந்து நாங்கள் ஆடுவோம். கட்டட வேலைக்கு வருகிற இரும்புக் கம்பியைக் காசிமின் வாப்பா நடத்திய தோல் பட்டறையின் அடுப்பில் சூடாக்கி வளைத்ததுதான் எங்கள் மட்டை. ஐந்து குழி வரைக்கும் ராஜா மாதிரி ஆடுவோம். ஆறாவது குழி ஆபீஸ் சன்னலுக்கு நேர் எதிரே. அங்கே போனதும் காவலாளி கம்போடு வருவார். ஓட்டம்தான். அத்தனை வருஷத்தில் ஆறாவது குழியைத் தாண்டி ஒரு தடவைகூட ஆடியதில்லை. முப்பது வயதுக்கு மேல் எனக்கு மலேசியாவில் புல் வளர்க்கிற வேலை கிடைத்தது. அங்கே நான் நூறு தடவை முழு ஆட்டம் ஆடியிருப்பேன். இத்தனைக்கும் ஆட்டத்தில் காசிம்தான் கெட்டிக்காரன், நான் அவனுக்குக் கால்தூசி.

முதல் நாள், விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். ஈப்போவில் டாக்சிக்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு பேசாமல் ஓட்டுவார். இவர் குர்லா வருவதற்குள் என் சம்பளம், பிள்ளைகள், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். சயான் வந்ததும், "ஆட்டோ இதற்கு மேல் தெற்கே போகக் கூடாது சேட்" என்று இந்தியில் சொல்லி நிறுத்தினார். "நான் போக வேண்டியது தாராவிப்பா, மாட்டுங்கா இல்லை" என்று பழைய பம்பாய் இந்தியில் ஒரு அதட்டு அதட்டினேன். ஆள் திரும்பிப் பார்த்து, "முதலிலேயே இப்படிப் பேசியிருந்தால் வெளியூர்க்காரர் என்று நினைத்திருக்க மாட்டேனே" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். எனக்கு ஒரு விருது வாங்கினாற்போல இருந்தது.

காசிமின் வீடு தோல் பை தைக்கிற பட்டறைக்கு மேலே. மரப்படி ஏறும்போதே அந்தத் தோல் வாடையும் பசை வாடையும் மூக்கில் ஏறி, எனக்கு முப்பது நாற்பது வயது குறைந்துவிட்டது. காசிம் படி உச்சியில் நின்றான். நான் நாலு படி கீழே இருக்கும்போது என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே பார்த்துச் சிரித்தான். "வந்துட்டியாலே, புல்லு டாக்டரு!" கிட்டே போனதும் என் முகத்தைக் கையால் பிடித்துத் தன் மூக்குக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்த்தான். "கெழடாயிட்டியே மக்கா!" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெண்டு பேரும் படியிலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதோம், கீழே பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி ஆயிஷா மைனி இடியாப்பமும் கறிக்குழம்பும் வைத்தார். பட்டறையை இப்போது நடத்துவது அவர்தான். காசிம் தன் தட்டை முடித்துவிட்டு என் பக்கத்தில் இருந்த வட்டிலப்பத்துக்குக் கையை நீட்டினான். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, கைய எடுங்க" என்றார் மைனி. தூரத்தில் இருக்கிற மனைவி தெரியாதவனுக்குப் பக்கத்துத் தட்டு இனிப்பு மட்டும் எப்படித் தெரிகிறது என்று நான் கேட்டேன். "மூக்கு இருக்குல்லா" என்றான்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனபோது மைனி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேச்சியண்ணே, ஒரு உதவி. மைதானம் சரியில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாஹ. போன மாசம் பள்ளிவாசலுக்குப் போற வழியில சாக்கடையில விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டாஹ. சுகர்க்காரவுஹ, புண்ணு ஆறல. இதுல கல்லு மாதிரி பந்து பறக்குற எடத்துல போயி நிக்கணுமாம்!"

"பாத்துட்டுச் சொல்லுதேன் மைனி."

"பாக்கவே வேணாம்ணே. சொல்லிருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் சைக்கிளில் வந்த இட்லியை வாங்கித் தின்றுவிட்டுத் தனியாகப் புறப்பட்டேன். ஈப்போவில் என் வீட்டுப் பக்கத்துக் கடை இட்லி நல்ல வெள்ளையாக, பஞ்சாக இருக்கும், வாயில் போட்டால் ஒன்றுமே இருக்காது. தாராவி இட்லியைக் கடிக்கலாம். சட்னி தீர்ந்துபோனால் இட்லிக்காரர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றுவார், அந்த வழக்கம் மட்டும் மாறவேயில்லை.

முதலில் மாட்டுங்காவுக்குப் போக வேண்டும். எங்களிடம் மட்டை கிடையாது. எங்கள் காலத்து ஆட்டக்காரர் ஒருவர் அங்கே இருந்தார், வைத்தி சார். அவருடைய பையை நான் இரண்டு வருஷம் தூக்கியிருக்கிறேன். சயானில் ரயில் ஏறினேன், அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. பழைய பம்பாய்க்காரன் என்ற திமிரில் கதவுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். மாட்டுங்கா வந்தது, போனது. இறங்க முடியவில்லை. தாதரில் கூட்டம் என்னை வெளியே துப்பியது. எதிர் ரயில் ஒன்று நின்றது, பாய்ந்து ஏறினேன். அது ஃபாஸ்ட், சின்ன ஸ்டேஷனில் நிற்காது. மாட்டுங்காவை ஒருமுறை, சயானை ஒருமுறை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் குர்லாவில் போய் இறங்கினேன். பக்கத்தில் நின்றவர் தன் நண்பரிடம் மராத்தியில், "பாவம், ஊருக்குப் புதுசு" என்றார். முந்தின நாள் ஆட்டோவில் வாங்கிய விருதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒருவழியாக மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வைத்தி சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. "வாடா பேச்சி, வா வா. மொதல்ல காபி சாப்பிடு, அப்பறம் பேசலாம்" என்றார். டபரா நுரையோடு வந்தது. மாட்டுங்காக் காபி குடித்த நாக்கு ஈப்போவில் எத்தனை வருஷம் தவித்தது என்று அங்கே உள்ள என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தக் காலத்தில் இதே வீட்டு வாசலோடு பையைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. அவருக்கு அது நினைவு இருந்ததா தெரியவில்லை. எனக்கு இருந்தது.

எந்த மைதானம் என்று சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "அதுவா? அது மைதானமாடா! எருமை மேயற எடம்னா! புல்லே கெடையாது. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு, ஷூவைக் கழட்டி மண்ணைத் தட்டிட்டு வந்துட்டேன். அங்க போய் ஆடறதுக்கு ஆத்துலயே இருக்கலாம்." இவ்வளவு திட்டினாலும் பரணிலிருந்து பையை இறக்கித் தந்தார். "அந்த எட்டாம் நம்பர் மட்டையை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ. காசிம்னா அந்தக் குள்ளப் பையன்தானே? அவன் சொன்ன தூரம் ஒரு கஜம் தப்பினதில்லேடா" என்றார். அவன் இப்போது பாட்டனாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை.

பையோடு சாதாரணப் பெட்டியில் ஏற முடியாது. சரக்குப் பெட்டியில் ஏறினேன். உள்ளே மீன்கூடைப் பெண்கள். ஒருத்தி மராத்தியில் கேட்டாள், "அதில் என்ன, துப்பாக்கியா?" பந்து அடிக்கிற கோல் என்றேன். "இவ்வளவு கோலா? எத்தனை பந்து?" ஒரே பந்துதான் என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்துவிட்டார்கள். குர்லாவில் செம்பூர் வண்டிக்கு மாற இறங்கும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்தது.

செம்பூரிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷம். வைத்தி சார் சொன்னதில் பாதி மிகை, மீதி உண்மை. ஒன்பது குழி. நடுத்தடத்தில் புல் உண்டு, ஆனால் பிப்ரவரி மாசத்துக்கு அது வைக்கோல். ஓரத்துக் கம்பிவேலியில் பக்கத்துக் குடியிருப்பின் சேலைகள் காய்ந்தன. மூன்றாவது குழிக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதை, ஜனங்கள் சாமான் பையோடு போய்வருகிறார்கள். குழியைச் சுற்றி வழவழப்பான பச்சைப் புல் இருக்க வேண்டிய இடத்தில் மணல். மணலில் எண்ணெய் கலந்து, அழுத்தி, கறுப்பாக, வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பிரவுன் என்று பெயர். தண்ணீர் இல்லாத ஊர்களில் இதுதான் வழக்கம். கேவலமான பிரவுன் என்றும் சொல்ல முடியாது, மேடுபள்ளமில்லாமல் சமமாகவே இருந்தது. ஆனால் நான் இருபத்தெட்டு வருஷம் பச்சையை வளர்த்தவன். நடந்துகொண்டே என் கை தன்னால் களையைப் பிடுங்கத் தொடங்கிவிட்டது.

வாசலில் ஒரு பெரியவர் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். புல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "புல் வேண்டுமானால் மழைக்கு வா. ஆட வேண்டுமானால் இப்போது வா" என்றார் இந்தியில். ரொம்பத்தான்!

ஒன்பதையும் நடந்து பார்த்தேன். ஆறாவது குழிக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம் ஒன்று, ஏழாவதில் கல். கண் நன்றாகத் தெரிகிறவனே காலைச் சுளுக்கிக்கொள்வான். ஒன்பதாவது மட்டும் அழகு. நூற்றுப்பத்து கஜம் இருக்கும், நடுவே காய்ந்த ஓடை, அந்தப் பக்கம் பிரவுன், அதை ஒட்டி ஒரு வேப்பமரம். ஆனால் ஒரு குழியின் அழகுக்காக எட்டுக் குழியை மன்னிக்க முடியுமா? தீர்ப்பு என் மனதில் எழுதியாகிவிட்டது. லாயக்கில்லை. மைனி கேட்டதும் அதுதான், உண்மையும் அதுதான். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் காசிம் வீட்டில் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தேன். மைனி கதவருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "காசிம், நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. புல்லு செத்துப்போச்சு. பச்சை கெடையாது, எண்ணெ மணலுதான். குறுக்கால ஆளு போவுது. பள்ளம் வேற."

"சரி" என்றான். "எத்தன குழி?"

"ஒம்போது."

"ஆறாவதுல எவனாவது வெரட்டுவானா?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்ல. யாரு வெரட்டுவா? சீட்டு வாங்குனா முடிஞ்சுது."

"ஒம்போது வரைக்கும் விடுவானா?"

"விடுவான்."

"அப்புறம் என்னலே புல்லு மயிரு!" என்று தொடையைத் தட்டினான். "காலைல போவோம்."

மைனி வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையை நான் தாங்க வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷம் மைதானம் பார்த்தவன், எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். "நானும் வருவேன்" என்றார் மைனி. "வா, யாரு வேணாங்கா?" என்றான் காசிம்.

மூன்றாம் நாள், ஒரு ஆட்டோவில் மூன்று பேரும் மட்டைப் பையும். பை உள்ளே கொள்ளாமல் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் பக்கத்து பஸ்காரர் எட்டிப் பார்த்து, "மாமா, அது கை காட்டுகிறதா, இடது பக்கம் திரும்பப் போகிறீர்களா?" என்று கேட்டார். காசிம் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெருநாளுக்குப் போடுகிற சட்டை. தலையில் தொப்பி, முகத்தில் வெயில் கண்ணாடி. மைனி சாப்பாட்டுக் கூடையும் குடையும் எடுத்துக்கொண்டார்.

முதல் குழியில் ஒரு கூத்து நடந்தது. நான் பையை இறக்கி நிமிர்த்தி வைத்தேன். காசிம் வந்து பைக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் வலப்பக்கம் அப்படியே நின்றேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்காமல் நிற்கிறோம். ஒரு நிமிஷம் போயிருக்கும். சீட்டுப் பெரியவர் தூரத்திலிருந்து, "யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கத்தினார். அப்போதுதான் உறைத்தது. அடிக்க வேண்டிய சாகிப்புக்காகக் காத்திருக்கிறோம்! காசிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிலே சாப்" என்று நான் மட்டையை நீட்டினேன். "ஆத்தாடி, சாப்பாம்ல" என்று வாங்கிக்கொண்டான்.

நான் ஆடவில்லை. பை தூக்கினேன். அதுதான் சரி என்று தோன்றியது. பந்து அவன் காலடியில் இருக்கும்வரை அவனுக்குத் தெரியும். அடித்துவிட்டால் மூட்டம். எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டும். முதல் அடி நேராகப் போனது. நாற்பது வருஷம் மட்டையைத் தொடாத உடம்பு! தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, பழைய காசிம் அப்படியே அதற்குள் இருந்தான். மூன்று குழி முடித்தோம். கணக்கைக் கேட்காதீர்கள், நிறைய அடிதான். ஆனாலும் அவன் முகம் பளபளவென்று இருந்தது. மைனி குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக எங்களுக்குச் சமமாக நடந்துவந்தார்.

நாலாவது குழியில்தான் என் புத்தி கெட்டது. பந்து ஒரு மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அங்கிருந்து அடித்தால் மணிக்கட்டுதான் போகும். காசிம் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தான். எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. செருப்பிலிருந்து ஒரு காலை நழுவவிட்டு, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பந்தைக் கவ்விக்கொண்டு, நடையை நிறுத்தாமல் இரண்டு எட்டு போய், நல்ல இடத்தில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது. சாகிப்புக்குத் தெரியும், தெரியாதமாதிரி இருப்பார். சாயங்காலம் பேட்டா கூடுதலாகக் கிடைக்கும். யோசிக்கவே இல்லை, என் கால் தன்னால் அதைச் செய்துவிட்டது. பந்தை நல்ல புல்லில் வைத்துவிட்டு, "நல்லாக் கெடக்கு காசிம், ஏழாம் நம்பர் அடி" என்றேன்.

அவன் மட்டையை வாங்கவில்லை. "எங்க கெடந்துச்சு?" என்றான்.

"இங்கதான்."

"பொய் சொல்லாதலே. ஒத்தச் செருப்புச் சத்தம் ரெண்டு எட்டுக்குக் கேக்கல. எனக்குக் கண்ணுதான் அவிஞ்சுபோச்சு, காது இல்ல. அந்த வித்தைய ஒனக்குச் சொல்லிக்குடுத்தவனே நான்தாம்லே!" நான் நீட்டிய மட்டையைத் தள்ளிவிட்டான். "என்னையும் சாப் ஆக்கிட்டியா? நெசமான ஒரு ஆட்டம் ஆடணும்னுதானே ஒன்ன அவ்வளவு தூரத்துலேருந்து வரச்சொன்னேன்? இருந்த எடத்துல கொண்டுபோயி வையி!"

வைத்தேன். குளம்புப் பள்ளத்திலிருந்து மூன்று அடி அடித்துத்தான் வெளியே வந்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது, சொல்லவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேசவும் இல்லை. "எங்க?" என்று கேட்பான். "முன்னால, எண்பது கஜம், கொஞ்சம் வலது" என்பேன். அவ்வளவுதான். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து முடிந்தது. ஆறாவது வந்தபோது நின்று நாலு பக்கமும் முகத்தைத் திருப்பினான். காவலாளி வருகிற சத்தத்தைக் கேட்கிறானா என்று எனக்குத் தோன்றியது. வேலிக்கப்பால் குக்கர் விசிலடித்தது, வேறு சத்தமில்லை. குனிந்து அடித்தான். பள்ளத்தைத் தாண்டினோம். குழிக்குள் பந்தைப் போட்டுவிட்டு, மட்டையை ஊன்றிக்கொண்டு, "தாண்டியாச்சுன்னு மைனிகிட்டச் சொல்லு" என்றான். அந்தக் கோபத்திலும் அவனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மைனியிடம் கத்திச் சொன்னேன். அவர் குடையை ஒருதரம் தூக்கிக் காட்டினார்.

ஏழாவதின் கல்லில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எட்டாவதில் மூச்சு வாங்கியது. மைனி உள்ளே வந்துவிட்டார், "போதும், வாங்க" என்றார், ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார். தின்றுவிட்டு எழுந்தான்.

ஒன்பதாவது. "நூத்திப் பத்து கஜம். நடுவுல ஓடை. காத்து எதுப்பு" என்றேன். "எட்டு" என்றான். வைத்தி சாரின் எட்டாம் நம்பரைக் கொடுத்தேன். காலைப் பதித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு அடித்தான்.

அந்த அடியின் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பார்த்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தம் அபூர்வம். பந்து வேப்பமரத்துக்கு மேலே போய், மெதுவாக இறங்கி, கறுப்பு மணலில் ஒரு குதி குதித்து, உருண்டு, கொடிக்கம்புக்குப் பக்கத்தில் நின்றது.

"எங்க?" என்றான்.

"காசிம்! குழி வாசல்ல நிக்குதுலே! ரெண்டு சாண்தான் இருக்கும்!"

"பொய் சொல்லாத."

"அல்லா மேல சத்தியமா!"

"ஒனக்கு ஏதுலே அல்லா! ஆயிஷா, நீ சொல்லு."

"நெசந்தாங்க, குழிகிட்டத்தான் கெடக்கு" என்றார் மைனி.

"நீயும் அவன் கட்சிதானே" என்றான். நாலாவது குழியில் நான் செய்த வேலைக்கு ஒன்பதாவதில் கூலி. அவன் வாழ்நாளின் நல்ல அடியைச் சொல்கிறேன், அவன் நம்பவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

என் தோளைப் பிடிக்காமல், மட்டையால் தரையைத் தட்டித் தட்டி ஓடையில் இறங்கி ஏறினான். பின்னாலேயே நாங்கள். பிரவுனுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினான், வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டான். கையால் தடவிக்கொண்டே போய்ப் பந்தைக் கண்டுபிடித்தான். அசைக்காமல் அதன் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, கையை விரித்தான். "ஒண்ணு." மறுபடி விரித்தான். "ரெண்டு." மூன்றாவது சாணுக்கு விரித்த சுண்டுவிரல் குழிக்குள் இறங்கிவிட்டது. அப்படியே இருந்தான். பிறகு குழியிலிருந்து பந்துக்குத் திரும்ப ஒருமுறை அளந்தான். கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தான். "ரெண்டே கால்லே" என்றான். "ரெண்டே கால் சாண்!"

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு சத்தம். அடுத்து ஆட வந்த நாலு பேர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, "இடத்தைக் காலி பண்ணுங்கள்!" என்று இந்தியில் கத்தினார்கள். காசிம் துள்ளி எழுந்தான். அந்த ஒரு கத்தலில் அறுபது வயது ஆள் பதினாறு வயதுப் பையனாகிவிட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பந்தை அப்படியே விட்டுவிட்டு, வேலிப் பக்கம் நாலு எட்டு போய்விட்டான். என்ன கொடுமையென்றால், என் காலும் கிளம்பிவிட்டது.

மைனி போகவில்லை. மைதானம் சரியில்லை என்று சொல்லச் சொன்ன அதே மைனி, கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் அந்த நாலு பேரையும் பார்த்துக் குடையை நீட்டினார். தாராவியில் தோல் வியாபாரிகளை அதட்டுகிற அதே இந்தி. "நில்லுங்கள் அங்கேயே! சீட்டு வாங்கித்தான் வந்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் இன்னும் முடிக்கவில்லை!"

அவர்களில் ஒருவர் தொப்பியைத் தொட்டு, "மன்னிக்கணும் சாச்சி, முடிக்கட்டும்" என்றார்.

காசிம் திரும்பி வந்தான். நான் சின்ன மட்டையைக் கையில் கொடுத்து, அதன் முகத்தைப் பந்துக்கு நேராக வைத்தேன். "நேரா?" என்றான். "நேரா" என்றேன். மெல்லத் தட்டினான். குழிக்குள் தகர டப்பாவில் பந்து விழுந்து சுழன்று அடங்கியது.

"விழுந்துட்டுதாலே?"

"விழுந்துட்டு காசிம்."

குனிந்து தடவிப் பார்ப்பான் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். அவன் குனியவில்லை. எண்ணெய்க் கையை என் தோளில் போட்டு, "சரி, நீ சொன்னாச் சரிதான்" என்றான்.